பிள்ளைக் குறும்பும் பெற்றோர் கடனும்

மக்களைப் பெற்றோர்க்குரிய கடன் யாது என வினவின், உண்பித்தலும் உடுப்பித்தலும் கல்வி தருதலும் என நாம் விடை கூறுவோம். அவ்விடை தவறன்று, ஆயினும் நிறைவுடையதன்று. நம் பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு யாதாக இருக்கின்றான் என்பதற்கும் நாம் பொறுப்புடையோமா என்னும் வினா அவ்விடையுள் அடங்கவில்லை. உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உடைய குழந்தையை வளர்க்கும் குடும்பத்திற்குத் தெருச் சிறார் இழைக்கும் தொல்லையை ஆராயுங்கால் இவ்வினாவே முன்வந்து நிற்கின்றது. இதனை இங்கிலாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்றன் வாயிலாகக் காண முற்படுகின்றோம். அங்கு நிகழ்ந்தது மன்றத்தில் வெளிப்படையாக விசாரிக்கப்பெற்று ஏட்டில் ஏறியுள்ளமையே அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம். பிற நாடுகளில் இக்கொடுமை இல்லை என்பது நம் கருத்தன்று.

பார்வெல் ஊரில் நிகழ்ந்தது

லெஸ்டர்சயர் மாவட்டத்தில் இங்க்லி நகரை அடுத்துள்ள சிற்றூர் பார்வெல். அங்கே பியோனா பில்கிங்டன் என்னும் தாயார், மகள் ஒருத்தியையும் மகன் ஒருவனையும் தாம் ஒருவராகவே வளர்த்து வந்தார். மகள் பிரான்செஸ்கா அறிவு வளர்ச்சியில் கடுங்குறை உடையவர். மகனுக்கோ எழுத்துகளைப் படித்தறிவதில் பெருந்தடை இருந்தது. இவ்வில்லத்தையே அத்தெருச் சிறார் கூட்டம் தம் விளையாட்டுக் களமாக்கிக் கொண்டது. சன்னல்கள்மீது கற்களும் முட்டைகளும் வீசப்பட்டன. பிள்ளைகளின் குறை சுட்டி வசைமொழிகள் கூவப்பட்டன. இஃது ஒருநாள் இருநாள் நிகழ்ந்ததன்று. பத்தாண்டுக் காலம் விட்டுவிட்டுத் தொடர்ந்தது.

அத்தாயார் வாளா இருந்தாரல்லர். 1997 முதல் 2007 வரை 33 முறை காவல்துறையை நாடினார். தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதினார். நடந்தவற்றை நாட்குறிப்பாக எழுதியும் வைத்தார். இரவில் சிறார் கலைந்து செல்லும்வரை இருளில் அமர்ந்து காத்திருக்கும் நிலையும் அவருக்கு நேர்ந்தது. 2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள், தம் 38ஆம் அகவையில், 18 வயது மகளுடன் அவர் உயிர் துறந்தார். அவர் தம்மையும் மகளையும் தாமே மாய்த்துக்கொண்டார் என்பது பின்னர் உறுதியாயிற்று. அச்செயலை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தோம். தாமாக நடக்கவியலாத பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுக்கும் உரிமை எத்தாய்க்கும் இல்லை. எனினும் அந்த முடிவை நோக்கி அவரைத் தள்ளியவர் யாவர் என்னும் வினாவிலிருந்து நாம் தப்பிச் செல்லல் ஆகாது.

2009 செப்டம்பரில் இறப்பு விசாரணை நடைபெற்றது. காவல்துறையும் மாவட்ட, வட்ட மன்றங்களும் தத்தமக்குள் செய்தி பரிமாறி உரியவாறு செயற்படாமை அவ்விறப்புகளுக்குத் துணைக் காரணமாயிற்று என நடுவர் குழு கூறியது. இத்தகைய சிறு தொல்லைகளைக் கவனித்தல் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்தின் பணி என மூத்த காவல் அலுவலர் ஒருவர் அவ்விசாரணையில் உரைத்தமை ஈண்டுக் குறிக்கத்தக்கது. பின்னர் 2011 மே திங்களில் வெளிவந்த காவல் முறையீட்டு ஆணையத்தின் அறிக்கை நோயின் வேரைத் தொட்டது. ஒவ்வொரு முறையீடும் தனித்தனி நிகழ்ச்சியாகவே கொள்ளப்பட்டது. அவற்றை ஒருங்கு சேர்த்து, குறைபாடுடையோர்மீது காட்டப்பெறும் வெறுப்புக் குற்றமாக எவரும் காணவில்லை என்பது அதன் கருத்து. ஒரு கல் சன்னலில் விழுந்தால் அது குறும்பு. பத்தாண்டுகள் ஒரே சன்னலில் விழுந்தால் அதன் பெயர் வேறு. 33 முறையீடுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பார் அன்று இலர்.

சொல் மறைக்கும் குற்றம்

தமிழ் பயில்வோராகிய நாம் இங்குச் சொற்களைப்பற்றிச் சிறிது எண்ணுதல் தகும். சமூக விரோதி என்றவுடன் நம் மனக்கண்முன் வருபவன் கத்தியேந்திய போக்கிரி; பத்து வயதுச் சிறுவன் அல்லன். அச்சிறுவன் செய்வதற்குக் குறும்பு, சேட்டை, வால்தனம் எனச் செல்லப்பெயர்கள் பல வைத்துள்ளோம். விளையாட்டு வினையாகும் என்னும் பழமொழியை நாம் மிகுதியும் சொல்வது, வினையான பின்னரே. நொண்டி, செவிடு, மந்தம் என்பன நம் தெருக்களில் பெயர்களாகவே வழங்குவதைக் கேளாதார் யார்? புறநானூற்று 28ஆம் பாடலில் உறுப்புக் குறையுடைய எண்வகைப் பிறப்பும் எச்சம் என எண்ணப்பட்டிருத்தலைக் காணின், ஒதுக்கும் சொல் நம்மிடமும் பழமையானதே என அறியலாம். மாற்றுத் திறனாளி என்னும் இக்காலச் சொல்லை அரசு ஏற்றது நன்று. ஆயின் அச்சொல் அலுவலகப் படிவத்தில் ஏறிய விரைவில் தெருமுனைக்கு வந்து சேரவில்லை.

பெற்றோர் பொறுப்பு: உள்நோக்கும் புறநோக்கும்

இங்கிலாந்துச் சட்டங்களை நோக்கின், பெற்றோர் பொறுப்பு இருவகையாக அமைந்திருத்தல் புலனாகும். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பெற்றோர்க்குத் தம் குழந்தையின்பால் உள்ள உரிமை, கடமை, அதிகாரம் ஆகியவற்றைத் தொகுத்துப் பெற்றோர் பொறுப்பு என்றது. இது வீட்டினுள் நோக்கும் பார்வை. 1998ஆம் ஆண்டுக் குற்றமும் ஒழுங்கின்மையும் பற்றிய சட்டமோ வாயிலைத் திறந்து வெளியே நோக்கியது. தன் வீட்டைச் சேராத பிறர்க்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ விளைவிக்கும் நடத்தையை அது சமூக விரோத நடத்தை என வரையறுத்தது. அத்தகைய பிள்ளையின் பெற்றோர்மீது நீதிமன்றம் பெற்றோர் ஆணை பிறப்பிக்கவும் வழி செய்தது. அவ்வாணைப்படி பெற்றோர் மூன்று திங்கள்வரை அறிவுரை வகுப்புகளுக்குச் செல்லல் வேண்டும். பிள்ளையை இரவில் வெளியே விடாமை போன்ற கட்டளைகளுக்கு ஓராண்டுவரை உட்படல் வேண்டும். மீறினால் தண்டம் கட்டல் வேண்டும்.

பில்கிங்டன் குடும்பம் துன்புற்ற ஆண்டுகளிலேயே இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. இருந்தும் ஏன் பயன்படவில்லை? நம் ஆய்வில் தென்படும் விடை இது. பெற்றோர் ஆணை தானே பிறவாது. பிள்ளைமீது குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அன்றி, அவன் நடத்தைக்குத் தடையாணையேனும் பிறந்திருக்க வேண்டும். அதற்கு முன்னர்க் காவலர் நிகழ்ச்சியைக் குற்றமாகப் பதிந்திருக்க வேண்டும். முதற்கண்ணி அறுந்துவிடின் ஏனைய கண்ணிகள் எத்துணை வலியவாயினும் என்ன பயன்? குறையுடைமை காரணமாக இழைக்கப்படும் குற்றத்திற்குத் தண்டனையைக் கூட்டுதல் வேண்டும் என 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் கூறிற்று. குற்றம் எனப் பதிவாகாததற்குக் கூட்டுவதற்குத் தண்டனை ஏது?

பெற்றோர் ஆணையைக் குறைகூறுவோரும் உளர். தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தாயர்மீதே அது பெரும்பாலும் விழுகின்றது, தந்தையர் தப்பிவிடுகின்றனர் என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. தண்டம் கட்ட இயலாத தாயைத் தண்டித்தலால் அவள் பிள்ளை திருந்திவிடுவான் என நாமும் நம்பவில்லை. நாம் வேண்டுவது அதற்கும் முந்திய ஒன்று: கதவைத் தட்டி, உங்கள் பிள்ளை அவ்வீட்டில் கல் எறிந்தான் என ஒருவர் கூறுங்கால், என் பிள்ளையா என்று சினவாமல், எப்பொழுது என்று கேட்கும் பெற்றோர். அவ்வொரு வினா அத்தெருவில் தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருப்பின் 33 முறையீடுகள் தேவைப்பட்டிரா எனக் கருதுகின்றோம். குறையுடைய மகளை வளர்த்த தாய் உள்நோக்கிய பொறுப்பின் முழுச் சுமையையும் தாங்கினார். புறநோக்கிய பொறுப்போ அத்தெருவில் ஆளின்றிக் கிடந்தது.

பின்வந்த மாற்றங்கள்

சமத்துவ, மனித உரிமை ஆணையம் இந்நிகழ்ச்சியோடு இதனையொத்த பிறவற்றையும் ஆராய்ந்து 2011 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் பழைய தடையாணை முறையை நீக்கிப் புதிய முறைகளைக் கொணர்ந்தது. துன்புறுவோர் தம் முறையீடுகளை மறுஆய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையையும் அது வழங்கிற்று. ஆறு திங்களுள் மூன்று முறை முறையிட்டவர் அதனைக் கோரலாம்; அப்பொழுது காவல்துறை, உள்ளாட்சி மன்றம் முதலியன ஒருங்கமர்ந்து ஆராய்தல் வேண்டும். முறையீடுகளை ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் வேலை, இருவர் இறந்து ஏழாண்டுகள் கழிந்தபின் இவ்வாறு சட்டமாயிற்று.

நம் நாட்டில், 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, மாற்றுத் திறனாளியைப் பலர் காணும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. இழிவுபடுத்தியவன் சிறுவனாயின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்வழியே அவனை நடத்துதல் முறை. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு பிள்ளையோடு பெற்றோரையும் அழைத்து அறிவுரை கூறவும், வேண்டுமாயின் பெற்றோரைத் தண்டம் கட்டச் செய்யவும் இளஞ்சிறார் நீதிக் குழுமத்திற்கு அதிகாரம் தந்துள்ளது. அதற்கும் முதற்கண்ணி ஒன்று உண்டு. தாய் ஒருத்தி காவல் நிலையம் சென்று சொல்வதனை ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும்.