உடல்பருமன் மருத்துவம் பழகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எண்டோகிரைனாலஜியில் டி.எம். முடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரிடம் பார்க்கும் பிட்யூட்டரிக் கட்டியையும் அட்ரினல் கட்டியையும் துருவித் துருவிப் படித்திருப்பீர்கள். இனி உங்கள் ஓ.பி.யில் தினமும் வரிசையில் உட்காரப்போகும் உடல்பருமனுக்கு எத்தனை வகுப்பு நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9 சதவீதம்தான். இந்த வேகத்துக்கு நம் பயிற்சி ஈடுகொடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முழங்கால் வலி என்று ஒரு பெண்மணி வருவார். “வெயிட்டைக் குறைங்கம்மா, வாயைக் கட்டுங்க, வாக்கிங் போங்க” என்று சொல்லி அனுப்ப அரை நிமிடம் போதும். அவர் இதை மாமியாரிடம் கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார், உங்களுக்கு முன்னால் பார்த்த ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டிருக்கிறார். கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேன், ராத்திரிப் பட்டினி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். திட்டு வாங்கியவர் திரும்பி வரமாட்டார். சர்க்கரை 400ஐத் தாண்டிய பிறகு வேறொரு மருத்துவமனைக்குப் போவார்.

முதலில் அவரைப் பேசவிடுங்கள். எடை எப்போது ஏறத் தொடங்கியது? பிரசவத்துக்குப் பிறகா, நைட் ஷிஃப்ட் வேலைக்குப் போன பிறகா, ஏதாவது மாத்திரை தொடங்கிய பிறகா? அவர் கொண்டுவந்த மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு இருக்கும், வலிப்புக்கு வால்புரோயேட் இருக்கும், மனநல மருத்துவர் எழுதிய ஓலான்சபைன் இருக்கும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கும். எடையை ஏற்றும் மருந்தை நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏறிவிட்டதே என்று நோயாளியைக் கடிந்துகொள்வது அநியாயம். எழுதியவரிடம் பேசி மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். ராத்திரி குறட்டை உண்டா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வருகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். பருமனான பிள்ளைகள் வந்தால் பின்கழுத்தைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத் தாய்மார்கள் நார் போட்டுத் தேய்ப்பார்கள். அது இன்சுலின் வேலை செய்யத் திணறுவதன் அடையாளம் என்று அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள். பிள்ளை திட்டு வாங்குவது அன்றோடு நிற்கும்.

மனவுறுதி இல்லாதவர்கள்தான் பருமனாகிறார்கள் என்ற எண்ணம் நம் மருத்துவர்களிடமே வேரோடியிருக்கிறது. 1994இல் பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினைக் கண்டுபிடித்தபோதே அந்த எண்ணம் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தால், பசியைத் தூண்டும் கிரெலின் அப்போதும் ஏறியே இருந்தது, லெப்டின் இறங்கியே இருந்தது. இழந்த எடையை மீட்க உடல் அவ்வளவு காலம் போராடுகிறது. எடை திரும்ப ஏறியவர் முன்னால் உட்காரும்போது இதை நினைவில் வையுங்கள், அவருக்கும் சொல்லுங்கள்.

பி.எம்.ஐ. எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2004இல் புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டும், இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து அளக்க வேண்டும் என்பது இதனால்தான். வரம்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

உங்கள் அறையையும் ஒருமுறை பாருங்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் 130 கிலோ மனிதர் எப்படி உட்காருவார்? பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் ரத்த அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், வேண்டாத மாத்திரை ஒன்று ஏறும். எடை மெஷின் வராந்தாவில் இருந்தால் உள்ளே கொண்டுவாருங்கள். நர்ஸ் எடையைச் சத்தமாகச் சொல்லாமல் குறித்துத் தரட்டும்.

எடை குறைக்கும் ஊசிகளில் 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கு மவுஞ்சாரோ வந்தது, ஜூனில் வெகோவி வந்தது. அதன்பின் ஊசி கேட்டு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல மருந்துகள்தான், தயங்க வேண்டாம். வெகோவியில் இருக்கும் செமாகுளுடைடு பற்றிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததும் அந்த ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்ததுதான். இதை முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாதச் செலவைக் குடும்பத்தால் எத்தனை நாள் தாங்க முடியும் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். மூன்று மாதத்தில் கல்யாணம், அதற்குள் இளைக்க வேண்டும் என்று வருபவருக்கு எழுதாதீர்கள். எழுதியவர்களுக்குப் புரதத்தையும் தசைப்பயிற்சியையும் சேர்த்தே எழுதுங்கள். ரேஷன் அரிசி பொங்கும் வீட்டுக்கு ஓட்ஸும் ப்ராக்கோலியும் அச்சடித்த டயட் சார்ட் எதற்கு? முட்டை, சுண்டல், சோற்றைக் குறைத்துக் கூட்டு பொரியலைக் கூட்டுவது என்று எழுதினால் சமைப்பார்கள். எடை குறைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுபவரைக் காலம் கடத்தாமல் அனுப்புங்கள். அனுப்பிய பிறகும் அவர் உங்கள் நோயாளிதான். பி12, இரும்புச்சத்து எல்லாம் வாழ்நாள் முழுக்க நீங்கள் பார்க்க வேண்டியவை.

ஒரு வேண்டுகோள். ஹவுஸ் சர்ஜன்களை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். நோயாளியிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும். பாடப்புத்தகம் மாற நாளாகும், நீங்கள் பேராசிரியர் ஆக அதைவிட நாளாகும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மருத்துவர்