எஞ்சி நிற்பவை

நுழையும்முன்

ஒரு காலத்தில் முள் தைத்த புண்ணும் உயிரைப் பறித்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அந்நிலையை மாற்றின. அம்மருந்துகளின் வலிமை இன்று குன்றிவருவது ஏன்? விடையின் ஒரு பகுதி நெய்தல் நிலத்து உப்பளத்தில் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் செல்வோர் அனுமந்தையைக் கடந்து செல்வர். விழுப்புரம் மாவட்டத்தின் இக்கடற்கரைப் பகுதி மீன்பிடித்தலுக்கும் உப்புக்கும் பெயர்பெற்றது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் மரக்காணமே எனக் கருதும் அறிஞர்கள் உளர். உப்பைச் 'செய்கிறோம்' என்று கூறாமல், நெல்லைப்போல 'விளைகிறது' என்றே கூறுவது நம் வழக்கு.

கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உள்ளது. பாத்தியில் தேக்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற, உப்பின் செறிவு உயர்கிறது. 25 விழுக்காட்டை அது நெருங்கும்போது உப்பு படிகமாகத் தொடங்குகிறது. இத்தகைய உவர்ப்பில் பெரும்பாலான நுண்ணுயிரிகள் வாழ இயலா. அவற்றின் உடல்நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். மீனை உப்பிட்டுக் கருவாடாக்கிய நம் முன்னோர் பயன்படுத்திக்கொண்டது இவ்வியல்பையே.

ஆயினும் செறிந்த உப்புநீர் சில வேளைகளில் இளஞ்சிவப்பாக மாறுவதை உலகின் பல உப்பளங்களில் காணலாம். உப்பை விரும்பும் நுண்ணுயிரிகள் அங்குக் கோடிக்கணக்கில் பெருகியிருப்பதே அதற்குக் காரணம். அவற்றுள் ஒன்று ஹாலோபாக்டீரியம். பெயரில் பாக்டீரியா இருப்பினும், அது ஆர்க்கியா என்னும் வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்தது. சரியாகப் பேணப்படாத கருவாட்டில் செந்நிறம் படர்வதற்கும் இவ்வகை உயிர்கள் காரணமாகின்றன. உப்பு இவற்றைப் படைக்கவில்லை. பிற உயிர்களை அகற்றி, இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது, அவ்வளவே. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மருந்தெதிர்ப்பு என்னும் சிக்கலைப் புரிந்துகொள்வது எளிது.

பாக்டீரியாக்கள் எல்லாம் பகைவர் அல்லர். பாலைத் தயிராக்குவனவும், அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் தங்கி நைட்ரசனை நிலைநிறுத்துவனவும், நம் குடலில் வாழ்ந்து செரிமானத்துக்குத் துணைபுரிவனவும் அவையே. நோய் விளைவிப்பன ஒரு சிறுபகுதிதான். அவற்றை அழிக்க வந்தவை ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள். 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. மனித செல்லுக்குச் சுவர் இல்லை; ஆதலால் அம்மருந்து நம் செல்களை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் தாக்குகிறது. வைரசுக்கும் செல்சுவர் இல்லை. சளி, டெங்கு போன்ற வைரசு நோய்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது என்பதை இங்கேயே தெளிந்துகொள்ள வேண்டும்.

ஏற்ற சூழலில் எஸ்செரிசியா கோலை என்னும் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இவ்வளவு விரைவாகப் பெருகுகையில் மரபுப்பொருளில் சிறு பிழைகள் நேர்வது இயல்பு. அப்பிழைகளுள் ஏதோவொன்று மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தரலாம். உட்புகுந்த மருந்தை வெளியேற்றும் ஆற்றலையும் தரலாம். மருந்து வரும்வரை அத்தகைய பாக்டீரியாவுக்குத் தனிச்சிறப்பு ஏதுமில்லை. மருந்து வந்து மற்றவை மடிந்தபின், களம் முழுவதும் அதன் வழித்தோன்றல்களுக்கு உரியதாகிறது. உப்பளத்தில் உப்பு செய்த வேலையை இங்கு மருந்து செய்கிறது. 'உடல் மருந்துக்குப் பழகிவிட்டது' என்று பலர் கூறுவர், அது பொருந்தாது. மாறியது நோயாளியின் உடலன்று, அதனுள் வாழும் பாக்டீரியாக் கூட்டமே. மேலும், பிளாஸ்மிட் என்னும் சிறு மரபுவளையத்தின் வழியே ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்புத்திறனை வேற்றினப் பாக்டீரியாவுக்கும் வழங்க வல்லது.

இவ்வெதிர்ப்பைத் தடுக்கும் வழியை ஆராய்ந்ததில் தமிழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காசநோய்க்கு ஓய்வும் ஊட்டமான உணவும் தரும் சானடோரியமே தக்க இடம் என்று கருதப்பட்ட காலம் அது. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையப் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நெரிசலான வீடுகளில் வறுமையோடு வாழ்ந்த நோயாளிகள், வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்துண்டு, சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர் என்பதை அம்மையம் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஐசோநையசிட் மருந்தைத் தனியாகத் தருவதைவிட மற்றொரு மருந்தோடு சேர்த்துத் தருவதே நற்பயன் அளிப்பதையும் சென்னை ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மருந்தைத் தாங்கும் பாக்டீரியா பத்து இலட்சத்தில் ஒன்று எனக் கொள்வோம். இரு மருந்துகளையும் ஒருங்கே தாங்குவது இலட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் மருந்துக்குத் தப்பியதை இரண்டாவது மருந்து வீழ்த்திவிடும். ஆனால் நோயாளி மருந்தை உட்கொண்டால்தானே கணக்கு செல்லும்? ஆகவே மையப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர், எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடும் மனித இயல்பை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பணியாளரின் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறை சென்னையில் ஆராயப்பட்டது. பின்னர் அம்முறை உலகின் பல நாடுகளுக்கும் சென்றது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே சென்னை வேறொரு செய்தியைத் தந்தது. கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்னும் நொதியைக் குறித்த ஆய்வு 2010ஆம் ஆண்டு வெளியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதன்மை ஆசிரியர். சென்னையில் திரட்டப்பட்ட மாதிரிகளுள் 44 பாக்டீரியாக்களும், அரியானாவில் 26ம், இங்கிலாந்து உள்ளிட்ட ஐக்கிய இராச்சியத்தில் 37ம் அந்நொதியைப் பெற்றிருந்தன. நொதிக்குப் புதுதில்லியின் பெயர் சூட்டப்பட்டதைப் பற்றிய சினம் நாட்டில் மிகுதியாக எழுந்தது. பெயரைவிட அப்பாக்டீரியாவே கவலைக்குரியது. 2012ஆம் ஆண்டு மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, கட்டற்ற மருந்துப் பயன்பாட்டுக்கு எதிராகச் 'சென்னை அறிக்கை'யை உருவாக்கின.

மருத்துவமனையோடு இச்சிக்கல் முடிவதில்லை. கடற்கரைக்கும் அது உரியது. மரக்காணம் கரையோரத்தில் உப்பளங்களோடு இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் உள்ளன. இறாலைத் தாக்கும் நோய்களுள் கொடியது வெண்புள்ளி நோய். 1990களின் நடுவில் இந்திய இறால் பண்ணைகளை அது பேரிழப்புக்கு உள்ளாக்கியது. அது வைரசு நோய், நுண்ணுயிர்க்கொல்லியால் தீராது. குளத்தில் இடப்படும் மருந்து இறாலுக்குள் மட்டும் தங்கிவிடாமல் நீரிலும் சேற்றிலும் கலந்து, அங்குள்ள பாக்டீரியாக்களிடையே தாங்கி நிற்பவற்றைத் தேர்ந்தெடுக்கும். குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டுள்ளன. கார்பபெனெமும் பயனற்றுப்போன நோயாளிக்கு எஞ்சியிருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்துவதை நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு தடை செய்தது.

தெரிந்து தெளிவோம்

மாத்திரை அட்டையின் இடப்பக்கத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு இருப்பின், மருத்துவரின் சீட்டு இன்றி அம்மருந்தை வாங்குதல் கூடாது. இக்கோட்டை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் இயக்கத்தை நடுவண் அரசு 2016ஆம் ஆண்டு தொடங்கியது. 'எச்1' அட்டவணையில் உள்ள மருந்தை விற்கும் கடைக்காரர், சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப்பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.