திரைக்கலை ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

வேதியியல் கற்பிப்பவர் வேதியியலில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் திரைக்கதை எழுதவும் படம் எடுக்கவும் கற்பிப்பவருக்கு என்ன தகுதி வேண்டும்? பட்டமா? பல படங்கள் எடுத்த அனுபவமா? வசூலில் கண்ட வெற்றியா? இன்று திரைப்படப் பயிற்சி வகுப்புகள் பல நடைபெறுகின்றன. அவற்றின் கட்டணம் நம்மைப் போன்றோர் வீட்டு வருமானத்திற்குச் சிறிதன்று. படிப்பை முடித்து அவற்றை நாடிச் செல்ல எண்ணும் நண்பர்கள் நம் கல்லூரிகளில் உள்ளனர். ஆகவே, புகழ்பெற்ற திரைக்கலை ஆசிரியர்கள் சிலர் அதற்கு முன் என்ன தொழில் செய்தனர் என்று ஆராய்வது பயனுடையதாகும்.

ஆய்வுக்கூடம் கண்ட ஓவியர்

உலகின் முதல் திரைப்படப் பள்ளி என்று போற்றப்படுவது 1919-இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட பள்ளியாகும். அங்கே கற்பித்த லெவ் குலெஷோவ் 1899-இல் பிறந்தவர். ஓவியம் பயின்று, 1916-இல் ஒரு படநிறுவனத்தில் அரங்க அமைப்பாளராகச் சேர்ந்தவர். ஆசிரியரானபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபதுதான்!

உள்நாட்டுப் போர்க் காலமாதலால் கச்சாப் பிலிமுக்குக் கடும் பஞ்சம். குலெஷோவ் சோர்ந்துவிடவில்லை. பிலிம் இல்லாமலே, காட்சி காட்சியாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டும் பயிற்சியை மாணவர்களுக்கு அளித்தார். ஒரு நடிகரின் மாறாத முகத்தை ஒருமுறை சூப்புத் தட்டுடனும், மற்றொருமுறை சவப்பெட்டியுடனும் இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, ஆயினும் பார்த்தவர்கள் அதில் ஒருமுறை பசியையும் மறுமுறை துயரத்தையும் கண்டனர் என்பர். ஒன்றை மாறாமல் வைத்து மற்றொன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நம் ஆய்வுக்கூட முறையே அன்றோ? அவருடைய மாணவரான புடோவ்கின் இயற்பியலும் வேதியியலும் பயின்றவர் என்பது அறிவியல் மாணவராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தன் சாயலைத் திணிக்காத சிற்பி

அதே பள்ளியில் பின்னாளில் கற்பித்த மிகயில் ரோம் சிற்பக்கலை பயின்றவர். பிரெஞ்சு இலக்கியங்களை மொழிபெயர்த்தவர்; திரைக்கதை எழுதி, பிறகு இயக்குநரானவர். 1954-இல் அவருடைய வகுப்பில் சேர்ந்த மாணவர்களுள் இருவரைக் குறிப்பிடலாம். ஒருவர் ஆந்திரேய் தர்க்கோவ்ஸ்கி, கவிஞரின் மகன். மற்றவர் வசீலி சுக்‌ஷின். சைபீரியாவின் அல்தாய்ப் பகுதி உழவர் குடும்பத்தில் பிறந்து, சொந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

இவ்விருவர் எடுத்த படங்கள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஆசிரியரின் படங்களையும் ஒத்தவை அல்ல. மாணவனைத் தன் நகலாக்காமல், அவனிடம் உள்ளதை வெளிக்கொணர்வதே ஆசிரியரின் சிறப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

புனேயில் இருவர்

புனேயில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு 1960-களின் நடுவில் சிறிது காலமே கற்பித்தவர் ரித்விக் கட்டக். மக்கள் நாடக இயக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய படங்களுள் பல வசூலில் தோல்வியுற்றவை. வசூலே அளவுகோல் எனில் அவர் வகுப்பறைக்குள் நுழைந்திருக்கவே முடியாது. ஆனால் மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் பயின்றனர். தமிழில் 1977-இல் ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தை இயக்கியவர் இந்த ஜான் ஆபிரகாமே.

அதே நிறுவனத்தில் திரைப்பட ரசனை கற்பித்த சதீஷ் பகதூர் வேறு வகையினர். ஆக்ராவில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டு, திரைப்படச் சங்கம் நடத்தியவர். இயக்குநர் என்று பெயர் பெற்றவர் அல்லர். ஆயினும் ‘பதேர் பாஞ்சாலி’ போன்ற படத்தை ஒவ்வொரு ஷாட்டாகப் பிரித்து, இது ஏன் இங்கே வருகிறது என்று விளக்கப் பழக்கினார். ஒருவர் படைப்பின் வேட்கையை ஊட்டினார். மற்றவர் பார்க்கும் கண்ணைத் தந்தார். ஒரு கல்விக்கூடத்திற்கு இருவருமே தேவை.

எழுபது அட்டைகள்

திரைக்கதை கற்பித்தலில் பெயர் பெற்றவர் செக் நாட்டவரான பிராங்க் டேனியல். பிராகா நகரின் திரைப்படப் பள்ளியில் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்றவர். அங்கே அவரிடம் பயின்ற டேவிட் லிஞ்ச், ஆசிரியர் சொன்ன எளிய முறையைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஓர் அட்டையில் ஒரு காட்சி என எழுபது அட்டைகள் எழுது. ஒரு முழுநீளப் படம் உன் கையில் இருக்கும் என்பதே அது. மலைப்பூட்டும் பெரிய வேலையை நாள்தோறும் செய்யத்தக்க சிறு வேலைகளாக்கியதே அவருடைய திறன்.

தமிழ்நாட்டுக் குருகுலம்

நம் திரையுலகில் பள்ளிகளைவிட உதவி இயக்குநர் முறையே பலரை உருவாக்கியது. புட்டண்ணா கனகலிடம் பாரதிராஜாவும், பாரதிராஜாவிடம் பாக்யராஜும், பாக்யராஜிடம் பார்த்திபனும் பயின்றனர். புனேயில் ஒளிப்பதிவு கற்ற பாலு மகேந்திரா பள்ளியையும் குருகுலத்தையும் இணைத்தவர். உதவியாளர்களைச் சிறுகதைகளைப் படித்துச் சுருக்கி எழுதச் செய்தார். பாலாவும் வெற்றிமாறனும் அவரிடம் வளர்ந்தவர்கள்.

முடிவுரை

ஓவியர், சிற்பி, நாடகக்காரர், பொருளாதார ஆசிரியர், ஒளிப்பதிவாளர் என இவர்களின் முன்தொழில்கள் வெவ்வேறு. ஆனால் ஒரு பண்பு இவர்கள் பலரிடம் பொதுவாக உள்ளது. தாம் அறிந்ததைப் பகுத்து, மாணவன் தன் கையால் செய்து பார்க்கும் பயிற்சியாக மாற்றினர். அனுபவம் ஒருவரை வகுப்பறை வாசல்வரை அழைத்துவரும். அவரை ஆசிரியராக்குவது இம்மாற்றமே.

எனவே, திரைக்கலை பயில விரும்பும் நண்பர்களே! பணத்தைக் கட்டுமுன், ஆசிரியர் எத்தனை படம் எடுத்தார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர் என்ன பயிற்சி தருவார்? நாம் செய்ததைப் பார்த்துத் திருத்துவாரா? அவரிடம் பயின்றவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருக்கிறார்களா, தத்தம் வழியில் நிற்கிறார்களா? இம்மூன்றையும் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் இடத்தில், சுவரில் எத்தனை பெரிய பெயர் தொங்கினாலும், நம் வீட்டார் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்தல் தகாது.