மலை வீட்டுத் தோட்டத்தில் இளவேனில் மலர்கள்

ஏற்காடு வட்டம் கொட்டச்சேட்டிலும் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் காப்பி பயிரிடும் உழவர்கள் பலர், வீட்டு முற்றத்தில் நாலைந்து பூச்செடிகளேனும் வைத்திருக்கின்றனர். கோடை விழா மலர்க் கண்காட்சிக்குப் போகும்போது தொட்டியோடு வாங்கி வரும் செடி மழைக்காலம் முழுவதும் செழித்து வளர்ந்து, மறு ஆண்டு மாசியில் காய்ந்துவிடுவது பலருடைய அனுபவம். பராமரிப்புக் குறைவைவிட, இடத்திற்குப் பொருந்தாத செடியைத் தேர்ந்தெடுப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

சேர்வராயன் மலையில் ஜூன் முதல் நவம்பர் வரை நல்ல மழை கிடைக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை மிகக் குறைவு. தேக்குக் காடு அப்போது இலையுதிர்த்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிநீரையே தொலைவிலிருந்து சுமந்து வரும் வீட்டில், பூச்செடிக்கென நாள்தோறும் ஒரு குடம் நீர் ஒதுக்குவது இயலாத காரியம். ஆகவே வறண்ட மாதங்களில் உறங்கிக் கிடந்து, கோடை மழை விழுந்ததும் பூக்கும் பல்லாண்டுச் செடிகளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பியும் அப்படித்தானே! வறட்சியில் மொட்டு அடங்கியிருந்து, பூ மழைக்குப் பின் ஏறத்தாழப் பத்து நாட்களில் மலர்கிறது.

லில்லி வகைகள்

நம் வீடுகளில் லில்லி என்று பொதுவாகச் சொல்லப்படும், எக்காளம் போன்ற பெரிய பூக்களையுடைய ஹிப்பியாஸ்ட்ரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பந்துபோல் சிவந்து பூக்கும் புட்பால் லில்லியின் தாயகம் ஆப்பிரிக்கா. இவ்விரண்டும் உணவையும் நீரையும் குமிழ்க்கிழங்கில் சேமித்து வைத்துக்கொள்வதால் வறட்சியைத் தாங்குகின்றன. வண்ணப் பெட்டியில் விற்கும் அயல்நாட்டுக் கலப்பினக் கிழங்கைவிட, பக்கத்து வீட்டில் பல ஆண்டுகளாகப் பூத்துவரும் பழைய செடியின் பக்கக் கிழங்கே நம்பகமானது, செலவும் இல்லை.

இலைகள் மஞ்சளாகிக் காயும் தை மாதத்தில் கிழங்குகளைத் தோண்டியெடுத்து, பக்கக் கிழங்குகளைப் பிரித்து, நிழலில் இரண்டு வாரம் உலர்த்த வேண்டும். மாசிக் கடைசியில் நடலாம். மண்ணை 30 செ.மீ. ஆழம் கொத்தி, சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ நன்கு மக்கிய தொழு உரம் கலந்து, சற்று உயர்ந்த பாத்தி அமைக்க வேண்டும். சரிவில் இதற்குச் சிரமமில்லை. சமதளமான முற்றத்தில் வடிகால் இல்லாவிட்டால் ஆடி மழையிலேயே கிழங்கு அழுகிவிடும். ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கை அதன் கழுத்தும் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கும் வெளியே தெரியுமாறு 30 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். புட்பால் லில்லியை நுனி மண் மட்டத்தில் இருக்குமாறு 20 செ.மீ. இடைவெளியில் நட்டால் போதும். இது காப்பிச் செடியின் மெல்லிய நிழலிலும் பூக்கும். எலுமிச்சம்பழ அளவுள்ள சிறு ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கு முதலாண்டில் பூக்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

பூ முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மழைக்காலத்தில் வளரும் இலைகள் தயாரிக்கும் உணவைக் கொண்டே அடுத்த இளவேனிலுக்கான பூமொட்டு கிழங்கினுள் உருவாகிறது. காப்பித் தோட்டத்தில் களை வெட்டும்போது இந்த இலைகளையும் சேர்த்து அரிந்துவிடுகிறார்கள். “செடி இருக்கிறது, பூ இல்லை” என்ற புகார் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்தே வருகிறது. பாத்தியைச் சுற்றி நாலு கல் பதித்துவிட்டால் களையெடுப்பவர் கண்ணுக்குத் தெரியும். வாடிய பூவின் தண்டை மட்டும் விதை பிடிக்குமுன் நீக்குங்கள்.

நீர் வசதி இருந்தால்

சமையலறை நீர் பாயும் இடத்தில் காலை வெயில் மட்டும் படுமானால் ஒரு ஹைட்ராஞ்சியா வைக்கலாம். ஆனி, ஆடியில் பூக்காத கிளைகளிலிருந்து 15 செ.மீ. நீளக் குச்சிகளை வெட்டி மணற்பாங்கான மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும். நம் மலையின் அமில மண்ணில் பூ நீலமாக வரும். சுண்ணாம்பு இட்டால் இளஞ்சிவப்பாக மாறும். எனவே காப்பிக்கு இடும் சுண்ணாம்பும், சாம்பலும் சோப்பும் கலந்த நீரும் இதன் அடியில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசி கழுவிய நீர் நல்லது. பழைய கிளைகளின் நுனியிலேயே மொட்டு உருவாவதால், பூத்து முடிந்தவுடன் கவாத்து செய்துவிட வேண்டும். ஐப்பசிக்குப் பின் கத்தி வைத்தால் அந்த ஆண்டுப் பூ போய்விடும். அசேலியா அழகானதுதான், ஆனால் கோடையில் வேர் காயாமல் காப்பது கடினமாதலால் நான் பரிந்துரைப்பதில்லை.

பயிர்ப் பாதுகாப்பு

மழைக்காலத்தில் கருநிற உடலில் வெள்ளை, ஆரஞ்சுப் புள்ளிகளுடைய புழுக்கள் கூட்டமாக லில்லி இலைகளைத் தின்று கிழங்குவரை இறங்கும். நாலைந்து செடிகளுக்கு மருந்து தெளிப்பான் தேவையில்லை; காலையில் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டு அழித்தால் போதும். லில்லிக் கிழங்குகள் நஞ்சுடையவை. ஆடு, மாடு, சிறு குழந்தைகள் எட்டும் இடத்தில் தோண்டிய கிழங்குகளைக் காயவைக்க வேண்டாம். வெங்காயத்துடன் ஒரே கூடையில் வைக்கவும் கூடாது.