கேமராவுக்குள் உறங்கும் ஆற்றல்

டிஜிட்டல் கேமராவும் ஒரு சிறிய கணினியே. அதனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள் ‘நிலைப்பொருள்’ எனப்படும். வழக்கமாக இதனைத் தயாரிப்பு நிறுவனமே வழங்கும். ஆயினும், வெளியார் எழுதியவையும் உண்டு.

2009-ஆம் ஆண்டில் டிரம்மெல் ஹட்சன் என்பவர் கேனன் 5டி மார்க் 2 கேமராவுக்காக ‘மேஜிக் லாண்டர்ன்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். அக்கேமராவில் தரமான காணொளி எடுக்க முடிந்தது. ஆனால், பதிவாகும் ஒலியின் அளவைப் பயனர் கட்டுப்படுத்த இயலவில்லை. மேஜிக் லாண்டர்ன் அக்குறையைப் போக்கியது. மறு ஆண்டே கேனன் நிறுவனமும் அவ்வசதியைத் தன் நிலைப்பொருளில் சேர்த்தது. அப்படியானால், கருவிக்கு அத்திறன் முன்பே இருந்திருக்கிறது! குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் வசதியும் இம்மென்பொருளால் கிடைத்தது.

மேஜிக் லாண்டர்ன் நினைவக அட்டையிலிருந்து இயங்குகிறது. நிறுவனத்தின் நிலைப்பொருளை அழிப்பதில்லை. இதனால் ஆபத்தே இல்லை எனக் கருதலாகாது. தொடங்கும்போதெல்லாம் அட்டையில் உள்ள மென்பொருளைத் தேடும்படி கேமராவுக்குள் ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. கேமராவின் மாதிரியும் நிலைப்பொருளின் பதிப்பு எண்ணும் பிசகாமல் பொருந்த வேண்டும். அட்டை மூடியைத் திறந்து சில வினாடி காத்திருக்காமல் அட்டையை உருவினால், கேமரா செயலற்று நின்று மின்கலமும் தீர்ந்துவிடக்கூடும். பழுதானால் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை நம்பியிருக்க முடியாது.

புக்கிட் தெங்காவிலிருந்து ஜோர்ஜ் டவுன் தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் படமெடுக்கச் செல்லும் மாணவர், முதல்நாள் இரவில் இதனை நிறுவுவது விவேகமன்று. இரவல் கேமராவில் நிறுவுவது அதைவிடத் தவறு. கருவி சொந்தமானது, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது, சோதித்துப் பார்க்க ஓரிரு வாரம் இருக்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். அப்போதும் மின்கலத்தை முழுமையாக மின்னேற்றிய பிறகே தொடங்க வேண்டும்.