இம்மாதப் பாடம்: ஆறு அடைத்தால் வீடு மிதக்கும்



"மழை பெஞ்சா வெள்ளம் வரும். குப்பைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் பலர் கேட்போம். சென்னையின் அடையாறு இதற்குப் பதில் சொல்கிறது.

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு 8 லட்சம் லிட்டர்! வழியில் மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின.

ஆறு ஏன் தாங்கவில்லை?

* கரையில் குடிசைகள் மட்டுமல்ல, பெரிய கட்டடங்களும் எழும்பி ஆறு குறுகிவிட்டது.
* குப்பையும் கட்டட இடிபாடும் சேறும் ஆற்றை மேடாக்கின.
* கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல்மேடு அடைக்கிறது.

ஆற்றில் சாக்கடையும் கலப்பதால், வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீர் அல்ல. வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல் பயமும் கூடவே வந்தது.

மாடி வீட்டுக்காரர் மேலே ஏறிக்கொள்ளலாம். குடிசைக்காரருக்கு ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் புத்தகம் எல்லாமே தண்ணியோடு போச்சு. பிறகு கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. வீட்டுவேலை செய்த பெண்களுக்கு வேலை தூரமாகிப் போனது. அந்த இடமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் தண்ணீர் தேங்கியது. ஆக, இடம் மாறினால் மட்டும் ஆபத்து போய்விடாது. எங்கே, எப்படி என்று முடிவு எடுக்கும்போது நம்மையும் கேட்க வேண்டும்.

குழுவாக நாம் செய்யக்கூடியவை:

1. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகல்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைப்போம். தீர்மான நோட்டையும் அப்படியே பாதுகாப்போம்.
2. முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளைப் பட்டியல் எடுத்து, யார் யாரை அழைத்துச் செல்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வோம்.
3. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ எல்லோரும் மனப்பாடம் செய்வோம்.
4. வெள்ளத்துக்குப் பின் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடிப்போம்.
5. மழைக்காலத்துக்கு முன்பே கால்வாய் தூர்வாரக் கேட்டு, தீர்மானம் போட்டு மனு கொடுப்போம். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்கக்கூடாது.

கூட்டத்தில் பேசுவோம்:

நம்ம தெருத் தண்ணி எங்கே போய்ச் சேருது? போகிற வழியில் அடைப்பு எங்கே இருக்கு? ராத்திரியில் வெள்ளம் வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டணும்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்திலும் படித்துப் பாருங்கள்.