மழைக்கு முந்திய மாதம்: பாசிர் கூடாங்வாசிகளுக்கு

தீபாவளிப் பலகாரத்தின் எண்ணெய் வாசனை வீட்டை விட்டு அகல்வதற்குள், கிளந்தானிலும் திரங்கானுவிலும் ஆறுகள் கரை கடந்தன என்ற செய்தி வந்துவிடுவதும், அதைக் கேட்ட பாசிர் கூடாங்வாசிகள் தீபகற்பத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் நமக்கு இதில் என்ன கவலை என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் ஆண்டுதோறும் நடக்கிற விஷயம். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் எழுந்து மார்ச்சில் ஓய்கிறது. முற்பகுதியில் கிழக்குக் கரையின் வடபாகத்தை நனைக்கும் மழை, டிசம்பரிலும் ஜனவரியிலும் படிப்படியாகத் தெற்கே இறங்கிப் பகாங்கையும் ஜொகூரையும் அடைகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை கோத்தா திங்கி மூழ்கி, ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்ததும் அந்த இரு மாதங்களில்தான். ஆகவே, வடக்கே வெள்ளம் என்ற செய்திக்கும் நம் குடியிருப்புத் தாமானில் தண்ணீர் ஏறுவதற்கும் இடையில் இயற்கை நமக்கு ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் தருகிறது. அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியவற்றைச் சொல்வதே இந்த ஆலோசனையின் நோக்கம்.

முதலில், எந்தக் காரியத்துக்கு எந்த வாசலைத் தட்டுவது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1977 முதல் 2008 வரை பாசிர் கூடாங்கின் ஊராட்சிப் பொறுப்பை ஜொகூர் கார்ப்பரேஷன் என்ற மாநில நிறுவனமே வகித்தது. ஓர் ஊரை ஒரு நிறுவனம் ஆண்ட அபூர்வமான ஏற்பாடு அது. பிறகு நகராண்மைக் கழகம் வந்தது. 2020 நவம்பர் 22 அன்று அதுவே மாநகர் மன்றமாயிற்று. ஆயினும், மாநகர் மன்றம் என்ற பெரிய பெயரைப் பார்த்துக் குப்பை முதல் ஆறு வரை யாவும் அதன் பொறுப்பென்று எண்ணினால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும். 2007 ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் ஜொகூரில் 2011 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த நாளிலிருந்து, வீட்டுக் குப்பை அள்ளுவதும் தெருவோரச் சாக்கடையைச் சுத்தம் செய்வதும் எஸ்.டபிள்யூ.எம். நிறுவனத்தின் பணி, அதை மேற்பார்வையிடுவது எஸ்.டபிள்யூ.கார்ப் என்ற மத்திய அமைப்பு. ஆறும் பெரிய மழைக்கால்வாயும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. தொழிற்சாலைக் கழிவு சுற்றுச்சூழல் இலாகாவைச் சேர்ந்தது. குழாய்நீர் ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனத்துடையது. கடைகளின் உரிமம், கட்டட அனுமதி, அங்காடிகள், பூங்காக்கள் முதலியவையே மன்றத்தின் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஒரே சாக்கடை நீர் வீட்டு வாசலிலிருந்து ஜொகூர் நீரிணையை அடைவதற்குள் மூன்று நான்கு இலாகாக்களின் எல்லையைக் கடக்கிறது என்பதும், அந்த எல்லைகள் கூடும் இடத்தில்தான் பெரும்பாலும் அடைப்பு நேர்கிறது என்பதும் யாரும் திட்டமிட்டுச் செய்த குற்றமல்ல. ஆனால் அதன் பலனை அனுபவிப்பவர் தாழ்ந்த வரிசை வீட்டில் குடியிருப்பவர். எனவே புகார் செய்யும்போது அடைப்பு எங்கே இருக்கிறதென்று ஒரு புகைப்படமும், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணும் சேர்த்து அனுப்புங்கள். அது எந்த இலாகாவின் பகுதி என்ற தர்க்கத்திலேயே ஒரு வாரம் கழிவதை அது தவிர்க்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். பண்டிகைக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது நம் சமையலறைகளில் இன்னும் ஒழியாத பழக்கம். ஊற்றும்போது நீராய் ஓடுகிற அந்த எண்ணெய், சோற்றுப் பருக்கையோடும் சோப்பு நுரையோடும் சேர்ந்து, குழாயின் உட்புறத்தில் களிம்பாய் இறுகி, முதல் பெருமழைக்கு வழிவிடாமல் நின்றுவிடுகிறது. ஆறவைத்துப் பழைய போத்தலில் நிரப்பி மூடி வையுங்கள். பயன்படுத்திய சமையல் எண்ணெயை விலை கொடுத்து வாங்கிச் செல்வோர் உண்டு; அது எரிபொருளாக மாற்றப்படுகிறது. செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இத்தனை நிறைந்த ஊரில், பழைய எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை என்று யாரும் சொல்வதற்கில்லை.

அடுத்தது பழைய சாமான். மெத்தை, உடைந்த அலமாரி, வெட்டிய மரக்கிளை முதலியவற்றை வீட்டின் பின்சந்தில் சாய்த்து வைத்து மறந்துபோவதும், வெள்ளம் வந்தபின் அவை மிதந்து சென்று மதகை அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு மன்றத்தைக் குறைகூறுவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. குப்பை லோரி வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பையையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களையும் பெரிய சாமான்களையும் தோட்டக் கழிவையும் எடுக்கும் முறை இங்கே நடைமுறையில் இருக்கிறது. உங்கள் தாமானுக்கு அந்த மூன்றாவது நாள் எதுவென்று இந்த வாரமே கேட்டறிந்து, மழைக்கு முன்னுள்ள நான்கு வாரங்களில் பின்சந்தைக் காலி செய்துவிடுங்கள். காகிதம், பிளாஸ்டிக், ஏனையவை என்று பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் முதலே சட்டப்படி கட்டாயம்; 2016 ஜூன் முதல் அதற்கு அபராதமும் உண்டு. பொதுவிடத்தில் குப்பை போடுவோருக்கு 2026 ஜனவரி 1 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, பன்னிரண்டு மணி நேரம் வரை சமூக சேவை செய்யும் தண்டனையும் சேர்ந்திருக்கிறது. பணம் கட்டிவிட்டுப் போய்விடும் வசதி படைத்தவர்களுக்குத் துடைப்பத்தைக் கையில் கொடுப்பது, என் எண்ணத்தில், பல வருஷங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய திருத்தம்.

இந்த ஊருக்கே உரிய விசேஷமான அபாயம் ஒன்று உண்டு. அதைப்பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். 2019 மார்ச் 7 அன்று கிம் கிம் ஆற்றில் யாரோ லோரியில் கொண்டுவந்து கொட்டிய இரசாயனக் கழிவு, கரையோரத் தாமானிலும் பள்ளியிலும் இருந்தவர்களுக்கு மூச்சுத்திணறலையும் வாந்தியையும் தலைச்சுற்றலையும் வருவித்தது. முதல் இரண்டொரு நாளில் காரியம் அடங்கியது போல் தோன்றி, வெயிலும் காற்றும் சேர்ந்து நீரில் கிடந்த விஷத்தை மறுபடி ஆவியாக எழுப்பவே, மார்ச் 11 அன்று இரண்டாவது அலை புறப்பட்டது; 13 ஆம் தேதி பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மருத்துவம் நாடியோர் ஆயிரக்கணக்கானவர். அவர்களில் மிகப் பலர் பள்ளிப் பிள்ளைகள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் பிள்ளைகள் மயங்கி விழுந்து, பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டதை ஊர் மறந்திருக்காது. நீரிணையில் சிப்பி வளர்த்தும் வலை வீசியும் பிழைக்கும் மீனவர்களுக்கும், கோலா மாசாய் போன்ற கிராமங்களில் தலைமுறை தலைமுறையாய்க் கடலை நம்பியிருக்கும் ஓராங் செலேத்தார் பழங்குடியினருக்கும், ஆற்றில் விழுவது எதுவோ அதுவே மறுநாள் தொழிலில் விழுவது.

மழைக்காலத்தில் இந்த அபாயம் இரு மடங்காகிறது. ஏனெனில் பெருமழையை மறைவாகக் கொண்டு இரவில் கழிவைத் திறந்துவிடும் அக்கிரமக்காரர்கள் எந்தத் தொழில் நகரத்திலும் உண்டு. நீரோட்டம் தடயத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்ற தைரியம் அவர்களுக்கு. ஆகவே கால்வாயில் வழக்கமில்லாத நிறமோ, டீசலை ஒத்த நெடியோ, மூக்கை எரிக்கும் காற்றோ தென்பட்டால், வேடிக்கை பார்க்க அருகில் போகாதீர்கள். தொட்டுப் பார்க்கவோ, குச்சியால் கிளறவோ வேண்டாம். காற்று வீசும் திசையைக் கவனித்து அதற்குக் குறுக்காக விலகுங்கள். வீட்டிலிருந்தால் ஜன்னல்களை அடைத்து, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறிகளை நிறுத்துங்கள். 999 எண்ணை அழைத்தால் தீயணைப்பு மீட்புத்துறையின் இரசாயனப் பிரிவுக்குச் செய்தி போகும். சுற்றுச்சூழல் இலாகாவின் கட்டணமில்லா எண் 1-800-88-2727. பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று: இந்த மாதக் கூட்டத்திலேயே, நெடி எழுந்தால் பிள்ளைகளை எந்த வாசல் வழியாக, எங்கே அழைத்துச் செல்வது, பெற்றோருக்கு யார் சொல்வது என்று தலைமையாசிரியரோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டறை நடத்துகிற நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாகன இயந்திரத்திலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய், 2005 ஆம் ஆண்டின் விதிகளின்படி, எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீடு பெற்ற அட்டவணைக் கழிவு. எண்ணெய் துடைத்த துணியும், அமிலம் கொண்ட பழைய பேட்டரியும் அதே அட்டவணையில் அடங்குபவை. இவற்றை நூற்றெண்பது நாளுக்கு மேலோ, இருபது டன்னுக்கு மேலோ சேர்த்து வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். பீப்பாய்கள் கூரையின் கீழ், தரையைச் சுற்றி வரம்பெழுப்பிய இடத்தில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒரு மழையில் கவிழ்ந்த பீப்பாய் வேண்டுமென்று கொட்டிய பீப்பாயிலிருந்து வேறுபட்டதென்று ஆற்றுக்குத் தெரியாது. 2024 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கொசுவைப்பற்றிச் சொல்லாமல் மழைக்கால ஆலோசனை முடியாது. புகை அடிக்கும் வண்டி வந்துவிட்டுப் போனால் கடமை தீர்ந்தது என்று மன்றமும் நினைக்கிறது, குடியிருப்பவரும் நினைக்கிறார். புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி நீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசுவின் முட்டை ஈரமின்றிப் பல மாதம் காய்ந்து கிடந்து, முதல் மழை பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் இறக்கை முளைத்து வெளிவரும். ஆகவே வெறுமனே தண்ணீரைக் கொட்டுவது போதாது. பூச்சாடித் தட்டு, துளசி மாடத்தின் அடித்தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றின் உட்சுவரை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். இதற்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போதும்.

மழை பெய்யும்போதே வறட்சியை நினைப்பதும் விவேகம். நமக்கு நீர் தரும் சுங்கை லாயாங் அணையில் மட்டம் குறைந்து, 2015 ஆகஸ்ட் முதல் பாசிர் கூடாங்கிலும் மாசாயிலும் தண்ணீர் பங்கீடு செய்யப்பட்டதையும், வாளியோடு வரிசையில் நின்றதையும் பலர் அறிவார்கள். கூரை நீரைப் பிடித்துத் தொட்டியில் சேமிப்பது நல்ல காரியம். ஆனால் இறுக்கமான மூடியோ மெல்லிய வலையோ இல்லாத தொட்டி கொசுவுக்குத்தான் உபகாரம் செய்யும். அந்த நீர் காரும் தரையும் கழுவவும் செடிக்கு ஊற்றவும்தான், குடிக்க அல்ல.

வெள்ளம் வரும் நாளைப்பற்றி ஒரு குறிப்பு. நம் ஆறுகள் யாவும் குறுகியவை; அவற்றின் வாய் நீரிணையின் ஓதத்துக்குத் திறந்திருப்பது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஓதம் உச்சத்துக்கு ஏறும். அந்த நேரத்தில் பெருமழை சேர்ந்தால் கால்வாய் நீர் வடிய வழியின்றித் திரும்பும். பஞ்சாங்கத்தில் அந்த நாட்களைக் குறித்துவைத்து, மெட்மலேசியாவின் எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறினால் காரை மேட்டில் நிறுத்துங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து, நகை ஆகியவற்றை ஒரே பையில் கட்டி மேல்தட்டில் வையுங்கள். சிவப்புக்கு மாறினால் நிவாரண மையம் எதுவென்று தேடுவதற்கு நேரமிராது; அதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

இனி மன்றத்தைப்பற்றி ஒன்று: 1965 இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டு, பிறகு 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறவே நீக்கப்பட்டதிலிருந்து நம் மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெறுபவர்களே. ஓட்டுச்சீட்டால் அவர்களைத் தட்டியெழுப்ப இயலாத நிலையில், கடிதம்தான் நம் கையிலுள்ள கருவி. தாமான் குடியிருப்போர் சங்கங்கள் தம் வட்டாரத்து உறுப்பினரிடம் நவம்பர் முடிவுக்குள் அடைபட்ட மதகுகளின் பட்டியலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளட்டும். கடைசியாக ஒன்று: ஜனவரி நடுவில் போகி வரும்போது பழைய பாயையும் ரப்பர் டயரையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வாசலில் கொளுத்துவது திறந்தவெளி எரிப்புத் தடையின் கீழ் குற்றம். அவற்றை அதற்கு முந்திய வாரத்துப் பெரிய சாமான் நாளிலேயே லோரிக்குக் கொடுத்துவிடுங்கள்.